கொட்டாஞ்சேனைக்குப் போகும் நாளின் படம்

மகள் என்னை விட்டு இன்னொருவரிடம் போய்விடுவாள் என்ற எண்ணம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் முதலில் வந்தது. அவளுடைய டியூஷன் வகுப்பு மூன்று மணிக்கு முடியும். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு நடந்தால் எட்டு நிமிடம். நாலரை ஆகியும் வரவில்லை. அவளுடைய போன் அடித்தது, எடுக்கவில்லை. வீட்டுச் செருப்போடு, பிரதான சாலையான காலி வீதிக்கு இறங்கினேன். வகுப்பு பூட்டியிருந்தது. பக்கத்துப் போட்டோ கொப்பிக் கடையில் சிங்களத்தில் விசாரித்தேன். பிறகு கடற்கரைப் பக்கம் போய் ரயில் பாதையை இரண்டு பக்கமும் பார்த்தேன். ஏன் அங்கே போனேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தரைக்கு, நகரின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனையிலிருந்து என் கணவரின் அக்கா அழைத்தார். அவரும் நானும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

"மச்சாள், பிள்ளை இங்கதான் நிக்கிறாள். போன் சைலன்ற்ல கிடந்திருக்கு. இருபத்தேழு மிஸ்ட் கோலாம் எண்டு சிரிக்கிறாள்."

சிரிக்கிறாள். அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர்கள் இருவரும் அங்கே பழைய புகைப்படங்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உலகத்து அருங்காட்சியகங்கள் தங்களிடமுள்ள பழைய புகைப்படங்களை இணையத்தில் போட்டிருக்கின்றன. ஒரு திகதியைக் கொடுத்தால், எப்போதோ ஒரு வருடத்தில் அதே திகதியில் எடுத்த படம் ஒன்று வரும். கீழே இழுத்தால் இன்னும் வரும். மச்சாள் துறைமுகத்துக்கு அருகே கப்பல் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறவர். இன்றைய திகதியின் முதற்படத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

"நாளையான் படத்தை இண்டைக்கே பாத்தால், நாளைக்கு என்னத்துக்கு எழும்புறது?" என்பாராம்.

அன்று தொடக்கம் மகள் பல் விளக்கும்போதே மாமிக்கு, அதாவது மச்சாளுக்கு, அன்றைய படம் போகும். எனக்கும் காட்டினாள், காட்டவில்லை என்று சொல்ல முடியாது. இறங்குதுறையில் அடுக்கிய பீப்பாய்கள். "நல்லாயிருக்கு" என்றேன். மச்சாளோ, அந்தக் கயிறு ஏன் அப்படிக் கட்டியிருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று போனில் இருபது நிமிடம் சொன்னார். மகள் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். என்னோடு அவள் இருபது நிமிடம் கதைத்து எவ்வளவு காலம்? நான் கேட்பதெல்லாம் சாப்பாடு, குடை, எத்தனை மணிக்கு வருவாய். அதற்கு ஒரு சொல்லில் பதில் போதும்.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் நானும் இரகசியமாகப் பார்க்கத் தொடங்கினேன். என்னைக் கட்டுப்படுத்தச் சட்டம் எதுவும் இல்லை. நாளையைப் பார்த்தேன், அடுத்த கிழமையைப் பார்த்தேன், அவளுடைய பரீட்சை நாட்கள் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அம்மா, எக்ஸாம் முடியுமட்டும் மாமி வீட்டில நிண்டு படிக்கட்டே? அங்க சத்தமில்லை."

உண்மைதான். எங்கள் ஜன்னலுக்கு நேரே புதிய அடுக்குமாடி ஒன்று எழும்புகிறது. காலை முதல் துளைக்கும் சத்தம். மறுக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. வியாழக்கிழமை போவதென்று தகப்பனும் மகளும் முடிவே எடுத்துவிட்டார்கள்.

பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அந்த வியாழன் சுபமுகூர்த்த நாள். பஞ்சாங்கமும் மச்சாள் பக்கம். அதனால் இணையத்து அருங்காட்சியகத்துக்குப் போனேன். வியாழக்கிழமைத் திகதியைக் கொடுத்து, கீழே கீழே இழுத்து, எனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்தேன்: புயலில் கூரை பறந்த வீடு, வெளியே ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குடும்பம்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அதைக் காட்டினேன். "இந்த நாளில வீடு மாறுறது எனக்குச் சரியாப் படேல்லை."

மகள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, இது மியூசியம். சாத்திரியாரில்லை."

"சகுனம் எங்கயிருந்தும் வரும்."

"எத்தனை படம் தாண்டி இதுக்கு வந்தீங்கள்?"

நான் பருப்பை எடுத்துப் போட்டேன்.

"பஞ்சாங்கத்தில என்ன போட்டிருக்கு?"

"சுபமுகூர்த்தம்" என்றார் கணவர், தட்டிலிருந்து தலை நிமிராமலே. "காலமை நானும் பாத்தனான்."

மகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். "நான் கொட்டாஞ்சேனைக்குத்தானே போறன், அம்மா" என்றாள், மிகவும் மெதுவாக, காய்ச்சல்காரியோடு கதைப்பதுபோல.

வியாழக்கிழமை த்ரீவீல் ஓட்டோவில் கொண்டுபோய் விட்டேன். மச்சாள் ஜன்னலோரம் மேசை போட்டு, புதிய விளக்கும் வாங்கி வைத்திருந்தார். நான் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன், ஜன்னல் கம்பியை ஆட்டினேன், காஸ் சிலிண்டரை மோந்தேன்.

"மச்சாள், பொலிஸ் செக்கிங் முடிஞ்சுதெண்டால் தேத்தண்ணி குடிப்பம்" என்றார். குடித்தேன். என் தேநீரைவிட நன்றாக இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம்.

ஒரு கிழமைக்குள் அழுதுகொண்டு திரும்பி வருவாள் என்று, தாயாக இருந்தும், எதிர்பார்த்தேன். வரவில்லை. முகம் தெளிந்திருந்தது, நன்றாகப் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்போடு போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள், "மாமி, அந்தத் தொப்பி!" என்றாள். இருவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. காலையில் வந்த படம். எனக்கு அந்தத் தொப்பியைத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தை நான் முந்திய திங்களன்றே பார்த்துவிட்டேன். பறவைக் கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒன்று, அதன் கீழே மிகவும் கடுமையான ஒரு கிழவர்.

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சாளைவிட முன்னதாகவே தெரியும் என்று.

"என்ன தொப்பி?" என்று கேட்டேன்.

மகள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள். நண்டுக் குழம்பு படிந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையால் தன் தலைக்கு மேலே அந்தத் தொப்பியை வரைந்து காட்டி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.