பேச்சு இல்லை, பகையும் இல்லை

"தம்பி, நீங்க இங்கிலீசு படிச்சவங்க. ரெண்டு பேரு பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிறத இங்கிலீசுல எப்படி எழுதுவாங்க?"

பெரகலையில் எங்கள் கடைக்கு வந்து பெரியாயி அக்கா இப்படிக் கேட்டார். நான் பதுளையில் படிப்பை முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், அப்பாவின் கடையில் உப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அக்கா கொழுந்து எடுக்கிறார். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தோட்ட ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அக்காவின் அறைக்கு அடுத்த காம்பரா புருஷனின் தம்பி மாரிசாமியுடையது. மாரிசாமியின் மனைவி வள்ளியம்மையின் ஆடு ஒருநாள் அக்காவின் அவரைக்கொடியைத் தின்றுவிட்டது. அன்றோடு இரண்டு பெண்களுக்கும் பேச்சு நின்றது.

ஆனால் நெருப்பு நிற்கவில்லை. நடுவிலிருந்த மண்சுவரின் அடியில் ஒரு ஓட்டை. விடியலில் யாருடைய அடுப்பில் ராத்திரித் தணல் அணையாமல் இருக்கிறதோ அவர்கள் சிரட்டையில் தணல் போட்டு அந்த ஓட்டை வழியே தள்ளுவார்கள். முகம் பார்க்காமலே இது நடந்தது. லயத்தில் "பேச்சு இல்லை" என்றால் அவ்வளவுதான்.

மழையில் அந்தச் சுவர் சரியத் தொடங்கியது. அதைக் கட்டித் தரும்படி தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்க, பண்டாரவளையில் மனு எழுதுகிறவரிடம் அக்கா போனார். இரண்டு வீட்டாரும் சேர்ந்தே பூசிக்கொள்ளலாமே என்று அவர் கேட்டாராம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் அதை, "அட் டேகர்ஸ் ட்ரான்" என்று எழுதிவிட்டார். கத்தியை உருவிக்கொண்டு எதிரெதிரே நிற்கும் அளவுக்குப் பகை என்பது அதன் பொருள். அப்படி எழுதினால்தான் துரை சுவர் கட்டுவார் என்று நினைத்தாரோ என்னவோ.

துரை சுவரைக் கட்டினார், கருங்கல்லில், ஓட்டை இல்லாமல். லயத்தில் கத்திக்குத்து வரும் என்று பயந்து, மாரிசாமி குடும்பத்துக்குப் பத்துச்சீட்டும் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு வந்தால் தோட்டத்தில் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வள்ளியம்மை அக்காவின் வாசலில் நின்று பேசினாள். அத்தனை நாளைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"கேட்டது கெடச்சிருச்சில்ல அக்கா? இனி அவரைக்கொடி நல்லா காய்க்கும்."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடமிருந்து அந்த மனுவை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் வாசித்துப் பொருள் சொன்னேன். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதில் கடையிலேயே கிடைத்தது. பொட்டலம் மடிக்க வந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில், மனஸ்தாபப்பட்ட இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றி, "நாட் ஆன் ஸ்பீக்கிங் டேர்ம்ஸ்" என்று போட்டிருந்தது. கத்தி இல்லை, பகை இல்லை. பேச்சு இல்லை, அவ்வளவே. அந்தச் சொற்களை வைத்து, தணல் சிரட்டையைப் பற்றியும் சேர்த்து, துரைக்குப் புதிதாக ஒரு மனு எழுதினேன்.

துரைக்கு விளங்கியது. அவர்கள் திரும்பி வந்தால் வேலை உண்டு, காம்பராவும் அவர்களுக்கே என்று சொல்லியனுப்பினார். ஆனால் எங்கே என்று தேடுவது? மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போனதாகக் கங்காணி சொல்கிறார். எந்தத் தோட்டம் என்று அவருக்கும் தெரியாது.

போன வாரம் அக்கா தீப்பெட்டி வாங்க வந்தார். முன்பெல்லாம் அவர் தீப்பெட்டி வாங்கி நான் பார்த்ததில்லை.

"அந்தப் பக்கம் இருமல் சத்தங்கூட இல்லீங்க தம்பி," என்றார்.

புது ஆட்கள் வந்தால் துரை அந்தக் காம்பராவை அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். அதனால், இதைப் படிக்கிறவர்கள் மொனராகலைக்குப் போகிற வண்டிக்காரர்களிடமும் துணி வியாபாரிகளிடமும் அவர்களைத் திரும்பி வரும்படி சொல்லியனுப்புங்கள். வள்ளியம்மைக்கு எழுத்துத் தெரியாது. யாராவது இதை வாசித்துக் காட்ட வேண்டும்: அக்கா கேட்டது சுவர் மட்டுந்தான்.