பத்மநாபன் மாற்றப்போன மெஷின்

ஜலஜா சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்த்தளத்தில் இருந்தாள். கையில் முடி அதிகம், கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் புருஷன் பத்மநாபன் ஒரு கம்பெனியில் பெரிய அதிகாரி. அவளைக் கரடி என்றுதான் கூப்பிடுவான். அடிக்கவும் செய்தான். சத்தம் கேட்டுப் பல தடவை போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன். குடும்ப விஷயம் என்று சிரித்துக்கொண்டே சாத்துவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைக் கேட்டால், அலமாரியில் இடித்துக்கொண்டேன் என்பாள். அந்த வீட்டு அலமாரிக்குக் கால் முளைத்திருந்தது போலும்.

என்னிடம் முடி எடுக்கும் மெஷின் ஒன்று உண்டு. முடியை மழித்துவிட்டுத் தோலில் வைத்து அழுத்தினால் பளிச்சென்று ஒளி வரும். விடாமல் செய்துவந்தால் முடி மெல்லக் குறையும். தோல் ரொம்பக் கறுப்பாக இருந்தால் சுட்டுவிடுமென்று தானே நின்றுபோய்ச் சிவப்பு விளக்கைக் காட்டும். பத்மநாபனும் பவானிபூர் கடை ஒன்றில் அதே மெஷினை வாங்கினான். அவளிடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்து அவனே ஆரம்பித்தான்.

முழங்கைவரை ஒழுங்காக வேலை செய்தது. அதற்குமேல் சிவப்பு. கையை அசைக்கிறாயா என்று முதுகில் குத்தினான். மறுபடியும் சிவப்பு. கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு, கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவுகட்டி, மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினான். அதே மெஷின் என்னிடம் ஓடுவதால் நானும் சாட்சி சொல்ல வரவேண்டுமாம். அவளை அவனோடு தனியே விட மனசில்லாமல் போனேன்.

கடையில் நந்திதா என்ற வங்காளிப் பெண் மெஷினைத் தன் கையில் வைத்துப் பார்த்தாள். ஒளி வந்தது. ஜலஜாவின் மணிக்கட்டில் வைத்தாள். வந்தது. அங்கே இல்லை, மேலே வைத்துப் பார் என்று கத்திக்கொண்டே பத்மநாபன் ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டான். கோபத்தில் அவனுக்குப் புத்தி மழுங்கியிருந்தது. முழங்கைக்கு மேலே விரல் விரலாகக் கறுத்த தடங்கள். நந்திதா ஒரு தடத்தின்மேல் வைத்தாள், சிவப்பு. பக்கத்தில் நகர்த்தினாள், ஒளி. அடுத்த தடத்தில் மறுபடி சிவப்பு. கடைக்கு வந்திருந்த மற்றவர்களும் நெருங்கி வந்து பார்த்தார்கள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணா," என்றாள் வங்காளியில். "ரத்தம் கட்டின இடத்துல வேலை செய்யாது. இவங்களை யார் அடிச்சது?"

பத்மநாபன் ஜலஜாவின் கன்னத்தில் அறைந்தான். அவள் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியில் போய் விழுந்தாள். கண்ணாடி நொறுங்கியது. வாயெல்லாம் ரத்தத்தோடு எழுந்தாள். நந்திதா மேசைமேல் வைத்திருந்த மெஷினை எடுத்து அவன் முகத்தில் இறக்கினாள். மறுபடியும் இறக்கினாள். மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்கச் சந்தோஷமாகவே இருந்தது. அவன் அவள் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது, நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அமுக்கித் தரையில் கிடத்தினோம்.

போலீஸ்காரர் வந்து, இவ்வளவு காயம் எப்படி என்று ஜலஜாவைக் கேட்டார். அவள் இன்னொரு ரவிக்கைக் கையையும் தானே மேலே ஏற்றிக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டுந்தான் அலமாரியில இடிச்சுக்கிட்டேன்," என்றாள். "மத்ததெல்லாம் இவர் அடிச்சது."