பின் இறக்கையில் பொட்டில்லை

அன்று விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில், மருந்து தோய்த்த கருந்திரி காயப்போடும் மேடையருகே இருந்தவர்கள் நால்வர்: விஜயா டீச்சர், போர்மேன் சுந்தரம், என் கூடப்பிறந்த தங்கை பொன்னுத்தாய், நான். டீச்சர் போய்விட்டார் என்று வேன் டிரைவர் நேற்று வாசலில் நின்று சொன்னபோது, அழுகை வருவதற்கு முன் அந்த மேடைதான் கண்ணில் வந்து நின்றது.

பள்ளியில் அறிவியல் நடத்திய டீச்சர், முதலாளியிடம் கேட்டு உள்ளே வந்தது ஒரு பட்டாம்பூச்சிக்காக. எருக்கஞ்செடியில் தினமும் பார்க்கிற செம்மஞ்சள் பூச்சியைப் போலவே இன்னொன்று உண்டாம். கண்ணில் படுவது அபூர்வமாம்.

"பின் இறக்கை நடுவுல கறுப்புப் பொட்டு இருந்தா அது எருக்கம்பூச்சி. இல்லைன்னா நான் தேடுறது அதைத்தான் மாரியக்கா."

எங்களைப் போலவே செருப்பைக் கழற்றினார், ஹேர்பின்னை உருவினார். வளையலையும் கேமராவையும் வாட்ச்மேனிடம் கொடுத்தார். அங்கே இரும்பு உரசினால் எல்லாரும் சாம்பல்.

"தலைய விரிச்சுப்போட்டுப் பேய் மாதிரி நிக்கீக டீச்சர்!" என்று பொன்னுத்தாய் சிரித்தாள்.

"பூச்சி பயப்படாம இருந்தாச் சரி."

பூச்சி திரித் தட்டின் விளிம்பிலேயே வந்து உட்கார்ந்தது. மூச்சை அடக்கிக் குனிந்தோம். "பொட்டு இல்லை," என்றார் டீச்சர். குரல் வெறும் காற்றாக வந்தது.

"வெலகுங்க, நான் பிடிச்சுத் தாரேன்!" சுந்தரம் துண்டை வீசினான். சாவியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். அவன் துண்டு முனையில் முடிந்துவைத்திருந்தான். சாவிக்கொத்து சிமெண்டு மேடையில் உரசியது.

தீ முதலில் சீறத்தான் செய்தது. நான் வாசலுக்கு ஓடிவிட்டேன். பொன்னுத்தாய்க்குக் கால் எழவில்லை. டீச்சர் திரும்பிப் போய் அவளை இழுத்து வந்தார். அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டார்: "பொட்டு இல்லைதானே அக்கா? நீங்களும் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் டீச்சர்."

கேமரா வெளிச்சம் பட்டுத்தான் பற்றியது என்று விசாரணையில் சொன்னான் சுந்தரம். வாட்ச்மேன் வாயே திறக்கவில்லை. கேமரா உள்ளே வரவேயில்லை என்று நான் சொன்னேன். மறுநாளிலிருந்து என்னை வேலைக்கு ஏற்றிப்போகக் கம்பெனி வேன் என் வாசலில் நிற்கவில்லை. டீச்சரிடம் படித்தவர்களே, உங்களிலும் பலர் அந்தக் கேமராக் கதையை நம்பினீர்கள். இனியாவது நம்பாதீர்கள்.

இப்போதும் எருக்கஞ்செடியில் பூச்சி உட்கார்ந்தால் குனிந்து பின் இறக்கையைப் பார்க்கிறேன். பார்க்கும்போதே கால் ஓடத் துடிக்கிறது. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வையும் இந்தப் பயமும்தான்.

சுந்தரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னான், அவனை விடுங்கள். டீச்சர் தீயிலிருந்து இழுத்துப்போட்ட உடம்போடு அதிகாரி முன் நின்று, "ஆமாய்யா, கேமராதான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போனாளே, அவளைத்தான் மன்னிக்க மாட்டேன். பொன்னுத்தாயை.