தீர்த்தகிரியின் வெள்ளித் தட்டு

தீர்த்தகிரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் சின்ன மாமனார் பேத்தி கல்யாணத்தில். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. "தீர்த்தகிரி வராம தாலிய எடுக்காதீங்க" என்று யாரோ சத்தம் போட்டார்கள். பெரிய பூசாரி போலிருக்கிறது என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். கழுத்தில் இரண்டு கேமராவோடு மலைக்குக் கீழே ஆலங்காயத்திலிருந்து வந்த ஆள் ஒருவன் பைக்கிலிருந்து இறங்கினான்.

அன்று முதல் எங்கள் மலையில் நாள் பார்க்கிறவர் சொல்வது பாதி முகூர்த்தம். தீர்த்தகிரி "ரெடி" என்றால்தான் மீதி.

அவனுக்கு உறவுமுறை கிடையாது, நிறம்தான் உண்டு. பச்சைப் புடவை, ரோஸ் சட்டை. மாப்பிள்ளையின் பெரியப்பாவையே "கட்டம் போட்ட சட்ட, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று விரட்டுவான். யாருக்கு யார் என்ன முறை என்று நாலு தலைமுறை சொல்ல நான் வாய் திறந்தால், "ஆயா, அதெல்லாம் படத்துல தெரியாது" என்பான். மணப்பெண்ணின் தாடையை இரண்டு விரலால் திருப்பி, கையை இங்கே வை, தலையைச் சாய், மூச்சைப் பிடி என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நேச்சுரலா இருங்க" என்பான். பந்தியில் மட்டும் உட்கார மாட்டான். வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சோற்றை நின்றபடியே தின்பான், ஒரு கண் மணவறை மேலேயே இருக்கும்.

போன சித்திரையில் என் தம்பி சந்திரனின் மகள் கல்பனாவுக்குக் கல்யாணம். வீட்டு வாசலே போதும் என்றோம். தீர்த்தகிரிக்குப் போதவில்லை. வெள்ளைக்காரத் துரை கட்டிய பழைய பங்களாத் தோட்டத்தில்தான் வைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். என் மாமனாரின் அப்பா கல் சுமந்த தோட்டம் அது. சுமந்த காலத்தில் கேட்டோடு நிறுத்திவிடுவார்களாம். உள்ளே போய்ப் பார்த்தால் தண்ணீர் வராத கல் நீரூற்று, துரைசாணி வைத்த ரோஜாச் செடிகள், ஒரு கிழட்டுப் பலாமரம். அந்த மரத்தடியில்தான் மணவறை. பழம் விழுந்தால் மாப்பிள்ளை தாங்குவானா என்று கேட்டேன். விழுந்தால் நல்ல படம் கிடைக்கும் என்றான்.

எங்களுக்கு வேறு கவலை. தாய்மாமன் மாலை போடாமல் எங்களில் பெண் மணவறை ஏற மாட்டாள். கல்பனாவின் தாய்மாமன் குமரேசனும் சந்திரனும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வரப்பில் நின்ற ஒரு புளியமரம் யாருக்கு என்று தொடங்கிய சண்டை. மரம் பட்டுப்போய் நாலு வருஷம் ஆயிற்று, சண்டை மட்டும் நன்றாகத் தழைத்திருந்தது. குமரேசன் கல்யாணத்துக்கு வந்தான், ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். சந்திரன் தன் வாயால் கூப்பிட்டால்தான் உள்ளே வருவானாம். இவ்வளவு தூரம் வந்தவனுக்கு இந்த நாலடி வழி தெரியாதா என்று சந்திரன். தூது நடந்தே எங்கள் செருப்புத் தேய்ந்தது. பெண்ணின் அம்மா வடிவு ரோஜாச் செடி மறைவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

தீர்த்தகிரிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் துக்கம் வேறு. மணவறைக்குக் கீழே பலாமர நிழலில் நிற்கிற கல்பனாவின் முகம் இருட்டாக விழுகிறதாம். மடக்கி வைத்திருந்த வெள்ளித் துணி ஒன்றை உதறினான், அது பெரிய தட்டுப்போல விரிந்தது. வெயிலைப் பிடித்து முகத்தில் அடிக்கிற சாமான். அதைப் பிடிக்க ஆள் தேடினான். கேட்டருகே நல்ல வெயிலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

"வெள்ளச் சட்ட அண்ணா, சும்மாதானே நிக்கிறீங்க. இத புடிங்க."

சபையில் முதல் மாலை போடவேண்டியவனிடம் எடுபிடி வேலை. குமரேசன் தட்டைப் பார்த்தான். கல்பனாவைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓரடி வைத்தான். அதோடு சரி. வெளிச்சம் கல்பனாவின் தோள்வரைதான் எட்டியது.

இன்னும் ரெண்டடி வரச்சொல்லித் தீர்த்தகிரி மூன்று தடவை கத்தினான். ஆள் அசையவில்லை. அலுத்துப்போய்ச் சந்திரன் பக்கம் திரும்பினான்.

"பொண்ணோட அப்பா, இவரு நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க சொல்லுங்க."

சந்திரன் மகளின் முகத்தைப் பார்த்தான்.

"கிட்ட வா, மச்சான்."

குமரேசன் தட்டோடு நடந்தான். வெளிச்சம் கழுத்தில் ஏறி, கன்னத்தில் ஏறி, கல்பனா கண் கூசிச் சிரித்தாள்.

"இன்னும் வரணுமா?" என்றான் குமரேசன். கேட்டது தீர்த்தகிரியை இல்லை.

"வா. மாலை இங்கதான் கீது" என்றான் சந்திரன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குமரேசன் மாலையை எடுத்ததும் தீர்த்தகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. லைட் பிடிக்கிறவர் படத்தில் வரக்கூடாது என்று கேமராவை இறக்கிவிட்டான். இவர்தான்டா தாய்மாமன் என்றேன்.

"மொதல்லயே சொல்றதில்லையா, ஆயா? வேற ஆள நிக்க வெச்சிருப்பேனே."

அதற்குள் மாலை விழுந்துவிட்டது. அதனால் மாமன் மாலை போடுகிற படம் ஆல்பத்தில் கிடையாது. கல்பனா கண் கூசிச் சிரிக்கிற படம் உண்டு. இரண்டு வீட்டிலும் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

இன்று குமரேசனின் பேத்திக்குக் காதுகுத்து. தீர்த்தகிரியும் குமரேசன் வீட்டு வாசலில்தான் இருக்கிறான். நீலச் சட்டை என்று கூப்பிட்டுச் சந்திரன் கையில் வெள்ளித் தட்டைக் கொடுத்து, தாய்மாமன் மடிக்குப் போகுமுன் குழந்தையை வைத்திருக்கிற தாத்தா குமரேசனுக்கு இன்னும் ரெண்டடி கிட்டப் போகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.