ஏரிக்கரை வழியாக ஒரு குறுக்குப்பாதை

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். எழுபதுகளின் கடைசி. முதல் நாளே மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தார்.

"டீசல் விக்கிற வெலைக்கு நம்ம லாரி கட்டுப்படியாகல. ரெண்டு மாசம் பாப்பேன். செலவு கொறையலேன்னா வண்டிங்கள வித்துட்டு வெளி கான்ட்ராக்டர்கிட்ட விட்டுடுவேன்."

வெளியே வந்து டிரைவர்களிடம் சொன்னேன். லப்பைக்குடிக்காட்டு ரஹமத்துல்லா அவர்களில் மூத்தவர். அவர் முகம் வாடிவிட்டது.

"மச்சான் துபாய்க்கு வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்காரு சார். எனக்குப் புள்ளைங்கள வுட்டுட்டுப் போவ மனசில்ல. இந்த வண்டி போச்சுன்னா போயித்தான் ஆவணும்."

குரும்பலூர் செல்வராசு இளவட்டம், வாய்த்துடுக்கு. "அதான் புது சார் வந்துட்டாருல்ல, பாத்துக்குவாரு பாய்!" என்று சிரித்தான். 

1. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு

கல் வெட்டும் இடத்திலிருந்து, கல்லை உடைக்கும் கிரஷர் வரை உள்ள தூரத்தை எங்கள் தொழிலில் 'லீட்' என்போம். லீட் குறைந்தால் டீசல் குறையும். தார் ரோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஏரிக்கரை மேல் ஏறி, பருத்திக் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் இறங்கினால் பாதித் தூரம்தான். ஊர்த் தலைவரைப் பார்த்துச் சம்மதம் வாங்கி, எல்லா லாரியையும் அந்த வழியில் திருப்பிவிட்டேன்.

சில நாள் நன்றாகவே ஓடியது. நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

2. மாப்பிள்ளை நடந்து போன கதை

ஒரு முகூர்த்த நாள் காலையில், கிரஷர் கல் இல்லாமல் நின்றுவிட்டதாக ஆள் ஓடி வந்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கொல்லைகளுக்கு நடுவில், கல் ஏற்றிய ரஹமத்துல்லாவின் லாரியும் காலியாகத் திரும்பிய செல்வராசின் லாரியும் மூஞ்சியோடு மூஞ்சி நின்றன. ரஹமத்துல்லாவுக்குப் பின்னால் லோடு லாரிகள் வரிசை. செல்வராசுக்குப் பின்னால் ஒரு கல்யாண வேன்.

"லோடு வண்டி எப்புடிடா பின்னால போவும்? நீ எடு!"

"நான் எடுத்தா மாப்புள மேல ஏத்தணும் பாய்!"

மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்தார். பிறகு பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையோடு வரப்பில் இறங்கி நடந்தே போனார். மேளக்காரர்கள் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போனார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கடைசியில் செல்வராசு ரோஷப்பட்டு வண்டியை ஓரம் ஒடித்தான். இடது சக்கரங்கள் இரண்டும் பருத்திக் கொல்லைக்குள் இறங்கின. கரிசல் மண், முதல் நாள் மழை, பொதபொதவென்று புதைந்துவிட்டது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பாப்பாத்தி என்ற அம்மா மடியோடு ஓடி வந்து லாரி முன்னால் நின்றார். கொல்லை அவருடையது.

"வண்டிய எடுக்க வுடமாட்டேன். செடி போனது கெடக்கட்டும். இந்தப் பஞ்சப் பாருங்க சார்!"

மடியைப் பிரித்துக் காட்டினார். வெடித்த பஞ்சு முழுக்கச் சுண்ணாம்புப் புழுதி, மழையில் நனைந்து அப்பியிருந்தது. சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இத எந்த வியாபாரி வாங்குவான்? ஒங்க கல்லு மட்டும்தான் போய்ச் சேரணுமா?"

 மேப்பில் இந்தக் கொல்லை வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது. அங்கேயே நின்று யோசித்தேன். லோடு வண்டிக்குக் கெட்டியான ரோடு வேண்டும். காலி வண்டிக்கு வேண்டாம். இரண்டையும் ஏன் ஒரே பாதையில் விட வேண்டும்?

"இனிமே லோடு வண்டி தார் ரோட்டுல போவட்டும். காலி வண்டி மட்டும் இப்புடித் திரும்பட்டும், மெதுவா. தெனமும் தண்ணி லாரி வுட்டுப் புழுதிய அடக்குறேன். கெட்டுப்போன பஞ்சுக்கும் செடிக்கும் கம்பெனியில பேசி வாங்கித் தரேங்க" என்றேன்.

"சொன்னா செய்வீங்களா?"

"செய்யலேன்னா நாளைக்கும் இப்புடியே வந்து நில்லுங்க."

பாப்பாத்தி சிரித்துவிட்டார். கூட்டாளிப் பெண்களைக் கூப்பிட்டு, சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போடச் சொன்னார். கல்யாண வேன் ஏரிக்கரை வரை பின்னால் போய் வழிவிட்டதும், ரஹமத்துல்லா கடந்துபோய், செல்வராசின் லாரிக்குப் பின்பக்கம் சங்கிலி மாட்டி இழுத்தார். பெண்கள் முன்னால் நின்று தள்ளினார்கள். செல்வராசின் லாரி மேலே ஏறியபோது, அந்தப் பெண்கள் போட்ட சத்தத்தில் அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

3. வட்டம்

லாரிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்ததும் எதிரெதிரே நிற்பது அடியோடு போயிற்று. தண்ணி லாரி தினமும் ஓடியது, பாப்பாத்திக்கும் கம்பெனியில் பேசிப் பணம் வாங்கிக் கொடுத்தேன். மேப்பில் பார்த்தால் என் குறுக்குப்பாதையைவிட இது தூரம் கூடத்தான். ஆனால் நின்றுகொண்டே குடிக்கிற டீசல் மிச்சமானது. அதே நேரத்தில் டிரிப்பும் கூடியது. இரண்டு மாதக் கெடு முடிந்த அன்று மேனேஜர் கூப்பிட்டார். இந்தத் தடவை நாற்காலியைக் காட்டினார்.

"வண்டிங்கள விக்கல. டிரைவருங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு."

சொன்னேன். ரஹமத்துல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

அதற்குப் பிறகு பல சுரங்கங்களில் பாதை போட்டிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, லோடோடு ஒருமுறை போங்கள், காலியாக ஒருமுறை திரும்புங்கள். வழியில் யாராவது கை காட்டினால் இறங்கிப் பேசுங்கள். அப்புறம் பென்சிலை எடுங்கள்.