எரிந்த கடை வாசலில் இட்லி

கரியாஹாட் சந்தை நடைபாதையில் இருந்த ராஜி அக்காவின் இட்லிக் கடை போன வாரம் தீப்பிடித்து எரிந்துபோனது. ஆறுதல் சொல்லலாம் என்று இன்று காலை அவரைப் பார்க்கப் போனேன்.

அதே இடத்தில், கரி படிந்த சுவருக்கு முன்னால், இரவல் அடுப்பில் இட்லி அவித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களாக்கா?"

"வீட்டுல இருந்தா அந்த நெருப்புதான் கண்ணு முன்னாடி நிக்குது. இங்க வந்தா கைக்கு வேலை இருக்கு. அழறதுக்கு ராத்திரி இருக்கே."

பாத்திரங்கள் தரையில் கிடந்தன. பக்கத்தில் புடவை விற்கும் வங்காளி தன் மேசையில் பாதியை ஒதுக்கிவிட்டு, "தீதி, இதுல வச்சுக்குங்க" என்று வங்காள மொழியில் சொன்னார். தீதி என்றால் அக்கா. அதே தீயில் அவருடைய சரக்கும் பாதி போய்விட்டது.

அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த அக்கா, முகத்தைத் திருப்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புடவைக்காரர் பார்க்காததுபோல் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"தைரியமா இருங்கக்கா" என்று ஆரம்பித்தேன்.

"காலையிலேர்ந்து எல்லாரும் தைரியம் சொல்லிட்டுதான் போறாங்க. யாரும் இட்லி கேக்கல. உனக்கு எத்தனை வைக்க?"

நான்கு சாப்பிட்டேன். சட்னியில் உப்பு குறைவு என்றேன். "அடுப்புதான் இரவல், கை என்னோடதுதான். உனக்கு நாக்கு சரியில்ல" என்று சிரித்தார்.

கரியாஹாட் பக்கம் போகிறவர்கள் ஆறுதலோடு கொஞ்சம் பசியையும் எடுத்துக்கொண்டு போங்கள். நாளைக்கு யார் வருகிறீர்கள்?