டீச்சர் கொப்பியில் எழுதியது

வகுப்பில் நான் உட்காருவதில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், எங்கள் ஃபிளாட்டின் முன்னறைதான் டியூஷன் வகுப்பு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகள், எல்லோரும் இரண்டாம் ஆண்டு. அவர்கள் வாசிக்க நான் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பேன். கையில் கோடு போடும் அடிமட்டம். அதால் யாரையும் அடித்ததில்லை. ஒரு பிள்ளை தயங்கினால் மேசையில் தட்டுவேன், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியைத் தெஹிவளையிலிருந்து அவளுடைய உம்மா பஸ்ஸில் கூட்டிவருவார். வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரம் போதாது என்பதால், வகுப்பு முடியும் வரை செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். சேர்த்த அன்றே ஒரு விஷயத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

"இவட வாப்பா அடுத்த வருஷம் சிங்கள மீடியத்துக்கு மாத்தோணும் எண்டு செல்லுற டீச்சர். எனக்கு விருப்பமில்ல. இவளுக்குத் தமிழ் ஏறுமா இல்லயா எண்டு வருஷ முடிவுல நீங்க செல்லுங்க. அத வெச்சுத்தான் முடிவு."

ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட வாழ்க்கை முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டாரே என்று அன்றைக்கே எரிச்சல் வந்தது.

அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது. ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் இதை ஒரு கிழமையில் தாண்டிவிட்டார்கள். இவள் அங்கேயே நின்றாள். உம்மா வந்த, வாப்பா வந்த, மழை வந்த. அவர்கள் வீட்டுப் பேச்சில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் வருவார்கள். எனக்கு அது தெரியாத விஷயமில்லை. ஆனால் தெரிந்ததெல்லாம் பொறுமையாக மாறிவிடுகிறதா? புத்தகத்தில் "வந்தாள்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அவள் "வந்த" என்று பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். நான் தட்டுவேன். பிறகு அடுத்த சொல்லும் வராது.

வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு கொப்பியிலும் ஒரு வரி எழுதி அனுப்புவேன். வீட்டில் அதை வாசித்துவிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். இவளுடைய கொப்பியில் எழுதியவை எல்லாம் ஒரே பாட்டுத்தான். வாசிப்பில் கவனம் போதாது. வினைச்சொல் சரியாக வருவதில்லை, வீட்டில் பயிற்சி கொடுக்கவும். திங்கட்கிழமை ஆங்கிலத்தில் அழகான கையொப்பத்தோடு கொப்பி திரும்பி வரும். உம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார். இந்த மனுசிக்கு உறைக்கவே மாட்டாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, இனி இழுத்தடிப்பதில் அர்த்தமில்லை என்று எழுதிவிட்டேன். "தமிழ் வாசிப்பில் முன்னேற்றம் இல்லை. சிங்கள மொழிமூலத்துக்கு மாற்றுவது நல்லது."

அந்தச் சனியும் ஞாயிறும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்ந்த உடுப்பை மடித்து வைத்தேன், கலைத்துத் திரும்பவும் மடித்தேன். பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தேன் என்று தெரியாமல் உள்ளே வந்தேன். எழுதியது உண்மைதானே என்று ஒரு மனம். உண்மையென்றால் ஏன் இப்படிக் கிடந்து தவிக்கிறாய் என்று இன்னொரு மனம்.

திங்கட்கிழமை உம்மா கருப்பட்டி மணக்கும் வட்டிலப்பம் ஒரு பெட்டியோடு வந்தார்.

"நல்ல சந்தோஷம் டீச்சர். 'பிள்ளை நன்றாக வாசிக்கின்றாள். தமிழிலேயே படிக்கட்டும்' எண்டு எழுதி ஈக்கிறீங்க. இவட வாப்பாவும் சரி எண்டு செல்லிட்ட."

நான் எழுதியது அதுவல்ல. "நீங்கள் வாசிச்சனீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க டீச்சர், நாங்க ரெண்டு பேரும் சிங்களத்துல படிச்ச. எங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியா. ஒவ்வொரு கிழமையும் இவ தான் வாசிச்சுக் காட்டுற."

மேசையில் பிள்ளை பென்சில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது கோபம்தான். ஏழு வயதில் இவ்வளவு பொய்யா? ஒரு வருஷமாக நான் எழுதியதை எல்லாம் இவள் மாற்றி மாற்றி வாசித்திருக்கிறாள். பிறகுதான் அந்த வரி மனதில் தைத்தது. வாசிக்கின்றாள். வினையின் முடிவு பிசகாமல், முழுதாக. அதை நான் எழுதவில்லை, அவளே கட்டியது. எந்த மொழியில் படிப்பது என்ற பேச்சு கொப்பியில் இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கிறுக்கல் கையெழுத்தை வாசிக்காமல் அது எப்படித் தெரியும்?

அடிமட்டத்தை அலுமாரிக்கு மேல் வைத்தேன். அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். மற்றப் பிள்ளைகள் கதைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"கொப்பியைத் திறவுங்கோ. நான் எழுதினதை எழுதின மாதிரியே வாசியுங்கோ. நான் ஏசமாட்டன்."

அவள் சொல்லுக்குக் கீழே விரலை வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போனது. அது போய் முடியும் வரை விரல் அசையவில்லை. பிறகு வாசித்தாள். மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல், முன்னேற்றம் இல்லை என்பதையும், மாற்றுவது நல்லது என்பதையும். கண் நிறைந்து வழிந்தபோதும், வாசிக்கும் இடம் தவறிவிடும் என்று விரலை எடுக்கவில்லை.

உம்மா பெட்டியைக் கையில் வைத்தபடி மகளைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"டீச்சர், இத இவ தானே வாசிச்ச?"

"ஓம்."

"அப்ப ஏன் இப்பிடி எழுதின?"

பேனையை எடுத்தேன். எழுதியதைக் குறுக்கே வெட்டினேன். "நீங்கள் உம்மாவுக்குச் சொன்ன வரியை எனக்கும் சொல்லுங்கோ. நான் எழுதுறன்" என்றேன் பிள்ளையிடம்.

அவள் முதலில் அடிமட்டம் எங்கே என்று பார்த்தாள். பிறகு சொன்னாள்.